"ஐ ஃபீல் எ பிட் ஃபன்னி": ஆங்கில மரபுத்தொடரை எந்த வழியில் கற்பது?

என் அக்கா மகள் வட இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில், ஒரு நாள் டூட்டி முடிந்ததும் எனக்குப் போன் செய்தாள். குரலே சரியில்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். பாதி வழியில் பாட்டி, "ஐ ஃபீல் எ பிட் ஃபன்னி" என்றிருக்கிறார். 'ஃபன்னி' என்ற சொல் காதில் விழுந்ததும், பாட்டி ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று இவள் சிரித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த சீனியர் நர்ஸ் ஓடிவந்து பாட்டியைத் தாங்கி உட்கார வைத்து, பிபி பார்த்திருக்கிறார். நன்றாக இறங்கியிருந்தது. இன்னும் இரண்டடி நடந்திருந்தால் விழுந்திருப்பார்.

அந்த இடத்தில் 'ஃபன்னி'க்கும் சிரிப்புக்கும் சம்பந்தம் இல்லை. உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது, தலை கிறுகிறுக்கிறது என்று பொருள். 'ஃபன்னி டர்ன்' என்றால் திடீரென்று வரும் தலைசுற்றல் அல்லது மயக்கம்.

"பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம், ஐஇஎல்டிஎஸ்ல நல்ல ஸ்கோர், எல்லாம் இருந்தும் இது புரியலையே சித்தி" என்று அழுதாள். அப்புறம், "ஏதாவது ஒரு புக் சொல்லுங்க, எல்லா இடியமும் படிச்சுடறேன்" என்றாள்.

நான் இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனாலும் அவளுக்கு உடனே ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரபுத்தொடரைக் கற்க வழிகள் பல இருக்கின்றன. எது நல்லது என்பது கற்பவர் எங்கே நிற்கிறார், எதற்காகக் கற்கிறார் என்பதைப் பொறுத்தது. அன்று இரவு உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் தமிழையே பார்க்கலாம். "தாத்தா தவறிட்டார்" என்கிறோம். தமிழ் படிக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர் அகராதியைப் புரட்டினால், தாத்தா என்ன தவறு செய்தார் என்றுதான் கேட்பார். "மண்டையைப் போட்டான்" என்றாலும் சாவுதான். ஆனால் மண்டையை எடுத்துவிட்டுத் தலையை வைத்து, "தலையைப் போட்டான்" என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், துக்க வீட்டு வாசலில் நின்று "உங்க அப்பா மண்டையைப் போட்டுட்டாராமே" என்று எவரும் கேட்க மாட்டார். ஆக, ஒரு மரபுத்தொடரைத் தெரிந்துகொள்வது என்றால் பொருள் தெரிய வேண்டும், மாறாத வடிவம் தெரிய வேண்டும், எந்த இடத்தில் யார் யாரிடம் சொல்லலாம் என்பதும் தெரிய வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். வழிகளை ஒப்பிடும்போது நான் அதிகம் பார்ப்பதும் அதைத்தான்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழி பட்டியல். போட்டித் தேர்வுப் புத்தகங்களில் 'இடியம்ஸ் அண்ட் ஃப்ரேசஸ்' என்று பக்கம் பக்கமாக இருக்கும். இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். அதில் மரபுத்தொடருக்கும் இடம் உண்டு. மூன்று மாதத்தில் தேர்வு என்றால் நான் யோசிக்காமல் பட்டியலைத்தான் கையில் கொடுப்பேன். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க அது போதும்.

மற்றவர்களுக்குப் பட்டியலால் பெரிய பயன் இல்லை என்பது என் அனுபவம். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால் எப்போதாவது ஒருமுறை. 'அவுட் ஆஃப் த ப்ளூ' என்றால் எதிர்பாராமல் திடீரென்று. 'ப்ளூ ஐட் பாய்' என்றால் மேலிடத்துச் செல்லப்பிள்ளை. மூன்றும் ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், நீலம் மட்டும் ஞாபகம் இருக்கும்; எது எதற்கு என்பது கலந்துவிடும். வருடா வருடம் வகுப்பில் இதைப் பார்க்கிறேன்.

இன்னொரு சிக்கல், பட்டியலில் இருப்பதும் வாயில் வருவதும் வேறு வேறு. ரோசமண்ட் மூன் என்ற மொழியியலாளர் 1.8 கோடி சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பை வைத்து இதை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட நிலைத்தொடர்களில் பெரும்பாலானவை பத்து லட்சம் சொற்களுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. நம் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்கிற 'கிக் த பக்கெட்' (செத்துப்போவது), 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டித் தீர்ப்பது) எல்லாம் அப்படி அபூர்வமானவைதான். 'ஃபீலிங் ஃபன்னி' போன்ற, பார்த்தால் சாதாரணமாகத் தெரிகிற தொடர்களோ பட்டியல் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. என் அக்கா மகளைக் கவிழ்த்தது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

தமிழ் இணையை வைத்துப் படிப்பது அடுத்த வழி. எனக்குப் பிடித்ததும் இதுதான், நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

சரியாகப் பொருந்தும் இடத்தில் இதைப்போல வேகமான வழி கிடையாது. முதலைக் கண்ணீர் அங்கேயும் முதலைக் கண்ணீர்தான். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதும் அப்படியே இருக்கிறது. நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம், அவர்கள் இரண்டு பறவை அடிக்கிறார்கள். 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்பதற்கு, ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்கே பெயர்போன நியூகாசில் ஊருக்கு நிலக்கரி கொண்டுபோகிறான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "கொல்லன் தெருவில் ஊசி விற்பது" என்று சொன்னால் போதும். வகுப்பில் முகங்கள் மலர்வதைப் பார்க்கலாம். ஒருமுறை இப்படிப் பதிந்தது பிறகு மறக்காது.

ஆபத்து இருப்பது பாதி பொருந்தும் இடத்தில். 'புல்லிங் யுவர் லெக்' என்பதைக் காலை வாரிவிடுவது என்று பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் "கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான்" என்றால் நம்பவைத்துக் கைவிட்டான் என்று பொருள்; அதில் கோபம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது சும்மா சீண்டுவது, பொய் சொல்லி விளையாடுவது. ஒரு நோயாளி "ஐம் ஒன்லி புல்லிங் யுவர் லெக், லவ்" என்றால் பாசமாகக் கிண்டல் செய்கிறார் என்று அர்த்தம். அதே காலை வைத்து இன்னொன்று: 'புட் யுவர் ஃபுட் டவுன்'. பார்த்தால் நம் 'கால் ஊன்றுவது' மாதிரியே இருக்கும். நாம் கால் ஊன்றினான் என்றால் ஓரிடத்தில் நிலைபெற்றான் என்கிறோம். அவர்கள் சொல்வது, இதற்கு மேல் இடம் கொடுக்க மாட்டேன் என்று கறாராக நிற்பது. பிரிட்டனில் கார் ஓட்டும்போது சொன்னால் ஆக்ஸிலரேட்டரை மிதி என்றும் ஆகும்.

'திக் ஸ்கின்' எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்த ஒன்று. எருமைத் தோல் என்று நாம் சொன்னால் அது திட்டு மட்டும்தான், சொரணை கெட்டவன் என்று பொருள். ஆங்கிலத்தில் அதையே பாராட்டாகவும் சொல்வார்கள். இந்த வேலைக்குத் தடித்த தோல் வேண்டும் என்றால், யார் என்ன பேசினாலும் மனதில் ஏற்றிக்கொள்ளாத உறுதி வேண்டும் என்று அர்த்தம். உங்கள் மேலதிகாரி உங்களைப் பற்றி அப்படிச் சொன்னால் வருத்தப்பட வேண்டியதில்லை.

வயிற்றுக்குள் பாருங்கள். அவர்களுக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறது, நமக்குப் புளியைக் கரைக்கிறது. இரண்டும் பதற்றம்தான். ஆனால் கல்யாணத்துக்கு முந்தைய நாள், மேடை ஏறுவதற்கு முன்னால் வருகிற, பாதி ஆசையும் கலந்த படபடப்பு பட்டாம்பூச்சி. புளி கரைவதில் ஆசை துளியும் கிடையாது, முழுக்கப் பயம். மொழிபெயர்க்கிறவர் இதைக் கவனிக்காவிட்டால் கல்யாணப் பெண்ணுக்குத் திகில் வந்துவிடும்.

அதனால் தமிழ் இணை எழுதும்போது பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதச் சொல்வேன்: எங்கே பிரிகிறது? முதலைக் கண்ணீருக்கு அந்த வரி காலியாக இருக்கும். காலை வாருவதற்குக் கண்டிப்பாக நிரம்ப வேண்டும்.

தொடர் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டு படிப்பது இன்னொரு வழி. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃப்ராங்க் புவர்ஸ் என்ற ஆய்வாளர் மொழி கற்கும் மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். தொடரின் ஆரம்பப் பொருளையும் அது பிறந்த களத்தையும் தெரிந்துகொண்டவர்களுக்கு அது நன்றாக நினைவில் நிற்கிறது. மனதில் ஒரு படம் உண்டாகிவிடுவதுதான் காரணம்.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தைப் பொறுத்தவரை நமக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது, கிரிக்கெட். ஐரோப்பாவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வரும் மாணவருக்கு 'ஆன் த பேக் ஃபுட்' என்றால் என்ன என்று வரைந்து காட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தற்காப்பில் இறங்கிவிட்டார் என்று சொல்லாமலே தெரியும். 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' என்றால் யாரும் சொல்லாமல் தானாக முன்வந்து செய்தது. மற்றவர் அடித்த ரன் அல்ல, தன் மட்டையால் எடுத்த ரன். 'ஸ்டிக்கி விக்கெட்' கொஞ்சம் பழைய கதை. ஆடுகளத்தை மூடி வைக்காத காலத்தில், மழை பெய்து அப்புறம் வெயில் காயும்போது பந்து எப்படி எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, மட்டையாளர் பாடு திண்டாட்டம். இப்போது ஆடுகளத்தை மூடிவிடுகிறார்கள். தொடர் மட்டும் இக்கட்டான நிலை என்ற பொருளில் தங்கிவிட்டது.

சென்னையில் அமெரிக்க கிளையன்ட்டுகளோடு வேலை செய்கிறவருக்கு இதே முறை வேறு களத்தில் வேலை செய்யும். அங்கே பேஸ்பால். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் தோராயக் கணக்கு, 'டச் பேஸ்' என்றால் சுருக்கமாகப் பேசி நிலவரம் தெரிந்துகொள்வது, 'ரெயின் செக்' என்றால் இப்போது முடியாது, இன்னொரு நாள் பார்ப்போம். மழையால் ஆட்டம் நின்றுபோனால் வேறு நாள் வந்து பார்க்கக் கொடுத்த சீட்டுதான் அந்த ரெயின் செக். பேஸ்பால் விதிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து தெரிந்துகொண்டால் இருபது தொடர்களாவது ஒரே வீச்சில் தெளிந்துவிடும்.

கதை வழியில் ஒரு பள்ளம் உண்டு, பொய்க்கதை. பழைய இங்கிலாந்தில் கூரைமேல் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. 'சேவ்ட் பை த பெல்' என்பதைச் சவப்பெட்டியில் கட்டிய மணியோடு இணைப்பதும் கற்பனை. குத்துச்சண்டையில் சுற்று முடிந்ததற்கு அடிக்கும் மணி அது. உண்மையான கதைகளுக்கே குறைவில்லை. 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் கழிப்பறைக்குப் போவது. காசு போட்டால் திறக்கும் பொதுக் கழிப்பறைகளுக்கு ஒரு பென்னி கட்டணம் வாங்கிய காலத்தின் மிச்சம் அது. 1851-இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைத்த கழிப்பறைகளுக்கும் ஒரு பென்னிதான். வயதான நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸுக்கு இந்த ஒன்று கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். புரியாமல் நின்றால் அவஸ்தை அந்த நோயாளிக்குத்தான்.

கதை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு தொடர் இன்று யார் வாயில் வருகிறது என்பதை அது சொல்லாது. அதற்குக் கற்பவர்களுக்காக எழுதிய அகராதி வேண்டும். இந்த வகை அகராதிக்கு வழிகாட்டியவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவர் அங்கே உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதுவே 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி, இன்று நாம் வைத்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியாக வளர்ந்தது. இதில் பொருளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பொருளுக்கு முன்னால் சின்ன எழுத்தில் போடும் குறிப்பு: பழைய வழக்கு, பேச்சு வழக்கு, பிரிட்டிஷ், அமெரிக்கன், மரியாதைக் குறைவு. மண்டையைப் போடுவதற்கும் காலமாவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வது அந்தச் சின்ன எழுத்துதான். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நாடு மாறினால் பொருள் தலைகீழாகவும் போகும். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளி வைப்பது. இரண்டாம் உலகப்போர்க் காலக் கூட்டம் ஒன்றில் இரு தரப்பு அதிகாரிகளும் இந்தச் சொல்லில் சிக்கி, ஒரே கருத்தை வைத்துக்கொண்டே நீண்ட நேரம் சண்டை போட்டதை சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தவர்களுக்கே அந்தக் கதி.

அகராதியின் குறை, நீங்கள் தேடிப்போனால்தான் அது பேசும். 'ஃபன்னி' தெரிந்த சொல் என்று நினைப்பவர் அதைத் தேடவே மாட்டார்.

ஆகவே காதால் கேட்டுக் கற்பதுதான் கடைசியில் எல்லோரும் வந்து சேர வேண்டிய வழி என்று நினைக்கிறேன். டிவி சீரியல்கள், வானொலி, பாட்காஸ்ட், பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தருகிற சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் எல்லாம் உதவும். ஆனால் ஒரு தொடர் தானாக மறுபடி காதில் விழ மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் இது மெதுவான வழி. விழும்போது மட்டும் பொருள், வடிவம், இடம் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. யார் சொன்னார், எந்த முகத்தோடு சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்பதெல்லாம் கண்முன்னே நடக்கிறது. அந்தச் சீனியர் நர்ஸ் ஓடிவந்ததைப் பார்த்தபின் 'ஃபன்னி'யை இவள் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள்.

கூட ஒன்று வேண்டும், கேட்டுவிடுகிற துணிச்சல். நம் பிள்ளைகள் புரியாவிட்டாலும் தலையாட்டிப் புன்னகைத்துப் பழகியவர்கள். வகுப்பறையில் அது சரிப்பட்டு வரலாம், வார்டில் சரிப்படாது. "ஃபன்னி என்றால் எப்படி? தலை சுற்றுகிறதா, குமட்டுகிறதா?" என்று திருப்பிக் கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. நல்ல நர்ஸ் எப்படியும் கேட்க வேண்டிய கேள்வி அது.

அவளுக்கு நான் முடிவாகச் சொன்னது இது. பட்டியல் வேண்டாம். ஆறு மாதத்துக்கு எந்த மரபுத்தொடரையும் வாயால் சொல்லிப் பார்க்காதே, புரிந்துகொள்ள மட்டும் பழகு. பாக்கெட்டில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொள். காதில் விழுந்ததை எழுது, சொன்னவரின் பெயர் வேண்டாம், "எழுபது வயது ஆண், வலியைப் பற்றி" என்று மட்டும் குறித்துக்கொள். வீட்டுக்கு வந்து அகராதியில் அந்தச் சின்ன எழுத்தோடு பார். தமிழில் இணை இருந்தால் எழுது, எங்கே பிரிகிறது என்பதையும் எழுது.

இதையே ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறவர் கேட்டிருந்தால் பதில் கொஞ்சம் மாறியிருக்கும். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில், சொல்வளத்துக்கு ஏழாம் பேண்ட் (மதிப்பெண் நிலை) விளக்கத்தில் 'இடியமாட்டிக்' என்ற சொல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பலர் பத்து மரபுத்தொடரை உருப்போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அந்தச் சொல் கேட்பது இயல்பான வழக்கை. 'ஹெவி ரெயின்' என்று சரியாகச் சொல்வதும் அதில் சேர்ந்ததுதான், நாயும் பூனையும் தேவையில்லை.

போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். அன்றைக்கு அவள் வார்டில் தொண்ணூற்றொரு வயதுப் பெரியவர் ஒருவர் இறந்துபோயிருக்கிறார். மகன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தடவிக்கொண்டே, "வெல், ஹி ஹேட் எ குட் இன்னிங்ஸ்" என்றாராம்.

"கேட்டதும் புரிஞ்சுது சித்தி. நம்ம ஊர்ல கல்யாணச் சாவுன்னு சொல்வோமே, அதுதானே?"

"அதேதான். நீ என்ன சொன்னே?"

"நான் அதைத் திருப்பிச் சொல்லல. அது அவங்க வீட்டாளுங்க சொல்ற வார்த்தை இல்லையா? ஐம் ஸோ சாரின்னு சொல்லிட்டு, அவருக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தேன்."